1551இல் அச்சான லத்தீன் நூல்: பன்றித்தோல் கட்டும் உடைமை வரலாறும் குறித்து ஒரு கேள்வி

வெண்தாள் (கேள்வி)

வணக்கம். பாசெல் நகரில் 1551இல் அச்சான ஒரு லத்தீன் உரைநூல் அண்மையில் என் கைக்கு வந்திருக்கிறது. ஃபோலியோ அளவிலான, அதாவது முழுத்தாளை ஒரே முறை மடித்த பெரிய அளவிலான, கனத்த நூல். மரப்பலகைகளின் மேல் வெண்மை மங்கிய தோலைப் போர்த்திக் கட்டியிருக்கிறார்கள். விற்ற வணிகர் இதைச் சமயச் சீர்திருத்தவாதியான பிலிப் மெலாங்க்தனின் சொந்தப் பிரதி என்று தம் குறிப்பில் எழுதியிருந்தார். அதற்கு அவர் சொன்ன சான்றுகள் இரண்டு. மேலட்டைத் தோலில் சட்டம்போல் ஓடும் அழுத்த வேலைப்பாட்டில் மெலாங்க்தனின் தலையுருவம் பெயருடன் இருக்கிறது என்பது ஒன்று. முகப்புப் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி இடத்தை யாரோ கறுப்பு மையால் முழுவதும் அடித்திருக்கிறார்கள் என்பதும், அங்கே இருந்த அவருடைய கையொப்பத்தைப் பின்னாள் எதிரிகள் மறைத்துவிட்டார்கள் என்பதும் மற்றொன்று.

நான் கண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். மேலட்டையின் நடுக்கட்டத்தில், மேலே எம், ஐ, எச் என்ற மூன்று லத்தீன் எழுத்துகளும் கீழே 1558 என்ற ஆண்டும் பதிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு கொக்கிகளில் ஒன்றே எஞ்சியிருக்கிறது; அதன் தோல்வார் பின்பலகையில் தொடங்கி முன்பலகையில் உள்ள பித்தளைத் தகட்டில் மாட்டுகிறது. முன்விளிம்பில், மூடிய தாள்களின் மீது, நூலின் பெயரைப் பழைய கையெழுத்தில் மையால் எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஓரக்குறிப்புகள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றின் கடைசி எழுத்துகள் தாளோடு வெட்டுப்பட்டுப் போயிருக்கின்றன. முன்பலகையின் உட்புற ஒட்டுத்தாளின் மேல், குருமார் அணியும் கூர்முடியும் வளைகோலும் கொண்ட கேடயச் சின்னத்துடன் ஒரு செப்புத்தகட்டு உடைமைச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த ஒட்டுத்தாளின் கிழிந்த மூலையில் அடியிலிருந்து கையெழுத்துத் தோல்தாள் ஒன்று எட்டிப் பார்க்கிறது. முன்பக்க மூட்டில் தோல் வெடித்திருக்கிறது.

இந்தக் கட்டு இந்த நூலுக்கென்றே செய்யப்பட்டதா, அல்லது வேறொரு நூலின் அட்டைக்குள் இதைப் புகுத்தியிருக்கிறார்களா என்பதை எப்படி அறிவது? வணிகரின் கூற்றில் எவ்வளவு நிற்கும்? வெடித்த மூட்டை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறையாளர் (முதல் பதில்)

வணக்கம் நண்பரே. கட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உடைமை வரலாற்றை அதில் பழகியவர்கள் சொல்வதே முறை.

முதலில் அந்தத் தலையுருவத்தை எடுத்துக்கொள்வோம். பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மானியப் பட்டறைகளில், சக்கரம் போன்ற பித்தளை உருளையின் சுற்றுவட்டத்தில் உருவங்களைச் செதுக்கி, அதைச் சூடாக்கி ஈரத்தோலின் மேல் உருட்டுவார்கள். ஹுஸ், எராஸ்மஸ், லூதர், மெலாங்க்தன் ஆகியோரின் தலைகள் வரிசையாக வரும் உருளைகள் அக்காலத்தில் மிகப் பரவலாக இருந்தன. ஒரே உருளை ஒரு பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்து, எண்ணற்ற நூல்களின் மேல் அதே முகங்களைப் பதித்திருக்கும். ஆகவே அட்டையில் ஒருவரின் முகம் இருப்பது அந்த நூல் அவருடையது என்பதைக் காட்டாது. எந்தப் பட்டறையில், ஏறத்தாழ எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்பதைக் காட்ட மட்டுமே அது உதவும். உங்கள் உருளையின் ஒரு முழுச் சுற்றை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். கான்ராட் ஹேப்லர் 1928-29இல் வெளியிட்ட பதினாறாம் நூற்றாண்டு உருளை, தகட்டு முத்திரைகளின் பட்டியலோடும், ஜெர்மானிய நூலகங்கள் சேர்ந்து நடத்தும் இணையக் கட்டுத் தரவுத்தளத்தோடும் அதை ஒப்பிட்டால் பட்டறையே கிடைத்துவிடலாம். உருவத்தின் உயரம், அகலம் இரண்டும் மில்லிமீட்டர் கணக்கில் ஒத்துவர வேண்டும். ஏனென்றால் ஒருவர் உருளையைப் பார்த்து மற்றொருவர் செதுக்கிக்கொள்வது அன்று வழக்கமாக இருந்தது. உருளைக்குள்ளேயே ஓர் ஆண்டு இருந்தால் அது உருளை செதுக்கப்பட்ட ஆண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கட்டு அதற்குப் பிற்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

நடுக்கட்டத்தில் உள்ள எழுத்துகளும் ஆண்டும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை கட்டுவித்தவரின் பெயரெழுத்துகளும் கட்டிய ஆண்டும் ஆகும். மூன்று எழுத்துகள் இருந்தால் பெயர், குடும்பப்பெயர், சொந்த ஊர் என்று அமைவது உண்டு. முதல் எழுத்தான எம் சில வேளைகளில் மகிஸ்டர் என்ற பல்கலைக்கழகப் பட்டத்தைக் குறிக்கும். அப்படியானால் ஐ என்பது யொஹான்னெஸ் ஆகலாம். எப்படிப் பார்த்தாலும் பிலிப் மெலாங்க்தன் என்ற பெயருக்குள் இந்த எழுத்துகளைத் திணிக்க முடியாது.

அச்சான ஆண்டுக்கும் கட்டிய ஆண்டுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் இருப்பது உங்களைக் கலங்கவைக்க வேண்டாம். நூல்கள் அன்று பெரும்பாலும் கட்டப்படாத தாள்களாகவே விற்பனைக்குச் சென்றன. வாங்கியவர் தம் வசதிப்படி கட்டுவித்துக்கொண்டார். பதிப்பாளரே ஒரு பதிப்பு முழுவதற்கும் துணி அட்டை போட்டு விற்பது 1820களுக்குப் பிறகு பரவிய வழக்கம். கொக்கி பின்பலகையிலிருந்து முன்பலகைக்கு வருவது ஜெர்மானிய, நெதர்லாந்து நிலப்பகுதிகளின் முறை. பிரான்சிலும் இங்கிலாந்திலும் அது எதிர்த்திசையில் ஓடும். தோலில் மயிர்க்கால்கள் மும்மூன்றாகச் சேர்ந்து தெரிந்தால் அது பன்றித்தோல்தான். படிகாரம் இட்டுப் பதப்படுத்திய வெண்தோல் அந்த நிலப்பகுதிக்கு மிகவும் உரியது. இதுவரை எல்லாம் பொருந்திப் போகிறது.

அட்டையும் உள்நூலும் ஒன்றுக்கொன்று உரியவைதாமா என்பதற்கு நான் முதலில் பார்ப்பது புழுத்துளைகளை. பலகையைத் துளைத்த வண்டின் புழு ஒட்டுத்தாளையும் கடந்து முதல் தாள்களுக்குள்ளும் அதே இடத்தில் நேராகச் சென்றிருந்தால், பலகையும் தாளும் நெடுங்காலமாகச் சேர்ந்தே இருந்திருக்கின்றன என்று பொருள். பலகையில் துளை இருந்து அடுத்த தாளில் இல்லையென்றால் ஐயப்பட வேண்டும். அடுத்து, தளர்ந்த தாள்கொத்து (சேர்த்து மடித்துத் தைத்த தாள்கள்) ஏதேனும் இருந்தால் அதன் நடு மடிப்பைப் பாருங்கள்: இப்போதைய நூல் செல்லாத வெற்றுத் துளைகள் இருந்தால் இது இரண்டாம் தையல். ஒட்டுத்தாளை அடுத்துள்ள வெற்றுக் காப்புத் தாளை ஒளிக்கு எதிரே பிடித்து, தாள் ஆலையின் அடையாளமான நீர்க்குறி உண்டா என்றும் பாருங்கள்.

ஒட்டுத்தாளுக்கு அடியில் இருக்கும் தோல்தாளைத் தேர்ந்த பராமரிப்பாளர் ஒருவரிடம் கொடுத்துப் பிரித்தெடுக்கலாம் என்பது என் கருத்து. சீர்திருத்தத்துக்குப் பின் பயன்பாட்டை இழந்த வழிபாட்டுக் கையெழுத்து நூல்களை வெட்டிக் கட்டுவேலைக்குப் பயன்படுத்தினார்கள். சில வேளைகளில் உறைக்குள் இருப்பது உள்நூலைவிடப் பழமையானதாகவும் அரிதானதாகவும் அமைந்துவிடும்.

நூற்காவலன் (இரண்டாம் பதில்)

மையடித்த இரண்டு வரிகளைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு யோசனை இருக்கிறது. வணிகர் அங்கே ஒரு கையொப்பத்தைக் கற்பனை செய்கிறார். ஆனால் பாசெலில் அச்சான நூல்களில் தலைப்புக்குக் கீழே வருவது பெரும்பாலும் பதிப்பித்தவர் அல்லது மொழிபெயர்த்தவரின் அச்சிட்ட பெயர்தான். உரோமைத் திருச்சபை 1559இலும், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தை அடுத்து 1564இலும் தடைநூல் பட்டியல்களை வெளியிட்டது. 1571இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சான பட்டியலோ, எந்த நூலில் எந்தப் பகுதியை நீக்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றே வரையறுத்தது. இதன்படி கத்தோலிக்க நூலகங்களில் சீர்திருத்தவாதிகளின் பெயர்களை மையால் அடித்துவிட்டு, பயனுள்ள நூலை அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். ஆகவே அந்தக் கறுப்பு மை எதிரியின் பகையைக் காட்டிலும், நூலைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள விரும்பிய ஒருவரின் கட்டுப்பாட்டைக் காட்டுவதாக இருக்கக்கூடும்.

இதைச் சோதிப்பது எளிது. ஜெர்மன் மொழிப் பகுதியில் பதினாறாம் நூற்றாண்டில் அச்சான நூல்களின் தேசியப் பட்டியலில் பாசெல் பதிப்புகளும் அடங்கும். பலவற்றுக்கு இணையத்தில் பார்க்கக்கூடிய இலக்கப் படிகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. அதே பதிப்பின் வேறு பிரதியைத் திறந்து, முகப்புப் பக்கத்தில் அந்த இடத்தில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே பெயர் இருந்தால் இது தணிக்கை. அங்கே வெற்றிடம் இருந்தால் மட்டுமே கையால் எழுதிய ஏதோ ஒன்று மறைக்கப்பட்டது என்று சொல்ல இயலும். அப்போது புற ஊதா ஒளியில் பார்க்க வேண்டும். இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்ந்த பழைய மை அந்த ஒளியை உறிஞ்சுவதால், கழுவியோ சுரண்டியோ நீக்கிய எழுத்துகூட ஒளிரும் தாளின் மேல் கருமையாகத் தெரியும். ஆனால் மையின் மேல் அதே வகை மையை அடித்திருந்தால் அந்த முறை அவ்வளவாக உதவாது.

உடைமைச் சீட்டில் உள்ள கூர்முடியும் வளைகோலும் ஒரு மடத்துத் தலைவரையோ ஆயரையோ குறிக்கின்றன. கேடயத்தின் உட்பிரிவுகளைச் சொற்களில் விவரித்துக்கொண்டு, சீப்மாஹர், ரீட்ஸ்டாப் ஆகியோரின் சின்னத் தொகுப்புகளில் தேடலாம். ஜெர்மானிய மடம் ஒன்று தெரியவந்தால் அடுத்த கேள்வி, நூல் எப்போது வெளியேறியது என்பது. பவேரியாவில் 1803இல் மடங்கள் கலைக்கப்பட்டபோது அவற்றின் நூல்கள் பெருந்திரளாக மியூனிக் அரசவை நூலகத்துக்குச் சென்றன. அங்கே இரட்டைப் பிரதிகள் எனக் கருதப்பட்டவை பின்னர் விற்கப்பட்டன. முகப்பின் பின்புறத்தில் முத்திரையோ, இரட்டைப் பிரதியைக் குறிக்கும் டூப்ளம் என்ற லத்தீன் சொல்லின் சுருக்கமோ, அடித்துவிட்ட அலமாரி எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மாறாக, மடத்து நூலகம் முழுவதும் தனியார் கைக்குப் போய்ப் பிறகு ஏலத்துக்கு வந்ததும் உண்டு. புக்ஸ்ஹைம் மடத்தின் நூல்கள் 1883இல் மியூனிக்கில் அவ்வாறே சிதறின. ஒரு நூலகத்தின் முத்திரை இருந்து, நீக்கியதற்கான அடையாளம் எதுவும் இல்லையென்றால், வேறு எதையும் செய்வதற்கு முன் அந்த நூலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். இதில் தயக்கம் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நூலகங்களைச் சூறையாடிய குலியெல்மோ லிப்ரி, திருடிய நூல்களின் உடைமைக் குறிகளை மாற்றியே விற்றார். 1850இல் அவர் இல்லாமலேயே தண்டனை அளிக்கப்பட்டது. மறைக்கப்பட்ட குறியைக் காணும்போது அந்த வரலாறு நம் மனத்தில் இருக்க வேண்டும்.

புகழ்பெற்ற உடைமையாளரின் பெயர் சொல்லப்படும்போது நான் இரட்டிப்பாக எச்சரிக்கை கொள்வேன். அப்பல்லோவும் பெகாசஸ் குதிரையும் பதித்த இத்தாலியக் கட்டுகள் நூல் சேகரிப்பாளரான டெமெட்ரியோ கனேவாரியுடையவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டன. அவை ஜொவான்னி பத்திஸ்தா கிரிமால்டிக்காகச் செய்யப்பட்டவை என்பதை ஆண்டனி ஹாப்சன் 1975இல் நிறுவினார். அந்தப் பெயரின் கவர்ச்சியால் போலிப் பதக்கங்களைப் பொருத்திய கட்டுகளும் சந்தையில் ஏராளமாக உலவின. லூயி ஹாகே என்ற கட்டுநர் மறுமலர்ச்சிக் காலக் கட்டுகளைப் போலியாகவே செய்து தந்தார். பெயர் பெரிதாக இருக்குமளவுக்குச் சான்றும் கனமாக இருக்க வேண்டும்.

ஓரக்குறிப்புகளைப் பற்றி ஒன்று. எழுத்துகள் வெட்டுப்பட்டிருப்பது மிகவும் பயனுள்ள செய்தி. குறிப்புகள் எழுதப்பட்ட பிறகுதான் விளிம்பு வெட்டப்பட்டிருக்கிறது. முன்விளிம்பில் உள்ள பெயர் சிதையாமல் இருப்பதால், அந்தப் பெயர் எழுதப்பட்ட பிறகு விளிம்பை யாரும் வெட்டவில்லை. நூல்களை முதுகு உட்புறமாக, முன்விளிம்பு வெளித்தெரிய அடுக்கிய காலத்து எழுத்து அது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், 1558இல் கட்டுவதற்காக வெட்டியபோதே அந்த எழுத்துகள் போயின என்றும், குறிப்புகள் 1551க்கும் 1558க்கும் இடையே எழுதப்பட்டன என்றும் கொள்ள இடமுண்டு. பட்டறையாளர் சொன்ன வெற்றுத் துளைகள் இருந்தால் இந்த ஊகம் மிகவும் வலுப்பெறும்.

வெண்தாள்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றைப் பார்த்துவிட்டேன்.

இலக்கப் படியில் அதே இடத்தில் பதிப்பாசிரியரின் பெயர் இரண்டு வரிகளில் அச்சாகியிருக்கிறது. என் பிரதியில் மையடித்த பகுதியின் நீள அகலத்தோடு அது அப்படியே பொருந்துகிறது. தளர்ந்த ஒரு தாள்கொத்தின் நடு மடிப்பில், இப்போதைய நூல் செல்லும் துளைகளுக்கு அருகிலேயே வெற்றுத் துளைகள் தெளிவாகத் தெரிகின்றன. முன்பக்கத்தில் பலகை, ஒட்டுத்தாள், காப்புத் தாள், முதல் சில தாள்கொத்துகள் ஆகிய அனைத்தையும் இரண்டு புழுத்துளைகள் ஒரே கோட்டில் ஊடுருவுகின்றன. காப்புத் தாளின் நீர்க்குறி கரடி வடிவம்.

ஆனால் பின்பக்கம் என்னைக் குழப்புகிறது. பின்பலகையிலும் நூலின் கடைசித் தாள்களிலும் புழுத்துளைகள் இருக்கின்றன. இடையில் உள்ள ஒட்டுத்தாளிலும் காப்புத் தாளிலும் ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளில், பழைய தாள்களில் வார்ப்புச் சட்டத்தின் கம்பிகள் விட்டுச்செல்லும் கம்பிக் கோடுகளும் தெரியவில்லை, வழவழப்பாக இருக்கிறது. முகப்பின் பின்புறத்தில் ஒரு வட்ட முத்திரையின் மங்கிய தடம் இருக்கிறது, படிக்க முடியவில்லை.

தாள்மருத்துவர் (மூன்றாம் பதில்)

பின்பக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கம்பிக் கோடு இல்லாத நெய்வலைத் தாளை இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் உருவாக்கினார். 1757இல் அச்சாளர் பாஸ்கர்வில் வெளியிட்ட வெர்ஜில் பதிப்பில்தான் அது முதலில் நூலுக்குப் பயன்பட்டது. எனவே பின் ஒட்டுத்தாள் அதற்குப் பிந்தையது. யாரோ ஒருவர் கிழிந்துபோன பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டியிருக்கிறார். பலகையில் உள்ள துளைகளும் கடைசித் தாள்களில் உள்ள துளைகளும் நேர்க்கோட்டில் அமைகின்றனவா என்று மட்டும் ஒரு மெல்லிய தாளில் இடம் குறித்துச் சரிபாருங்கள். அமைந்தால், அட்டை மாற்றம் எதுவும் நடக்கவில்லை, இறுதித் தாள் மட்டுமே பழுதுபார்க்கப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கரடி நீர்க்குறி பெர்ன் பகுதித் தாள் ஆலைகளோடு தொடர்புடையது. 1907இல் வெளிவந்த பிரிகேயின் தொகுப்பில் 1600 வரையிலான 16,112 நீர்க்குறிகள் உள்ளன. அதில் உங்கள் கரடியின் நெருங்கிய வடிவம் கிடைத்தால் காப்புத் தாளின் காலம் 1558க்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். தாள் வணிகப்பொருளாகத் தொலைவு சென்றது. ஆகவே பெர்ன் தாள் இருப்பதால் பெர்னில் கட்டியதாகாது.

ஒட்டுத்தாளைப் பிரித்தெடுக்கும் யோசனையில் மட்டும் பட்டறையாளர் ஐயாவோடு நான் உடன்பட இயலவில்லை. அந்த முன் ஒட்டுத்தாளின் மேல்தான் உடைமைச் சீட்டு இருக்கிறது. அதன் ஊடாகத்தான் புழுத்துளைகள் தொடர்கின்றன. இந்தப் பிரதியின் வரலாற்றுக்கு நம்மிடம் உள்ள வலுவான சான்றுகள் இரண்டும் அந்த ஒரே தாளில் இருக்கும்போது, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்ற ஆவலுக்காக அதை நனைத்துப் பிரிப்பது சரியாகாது. படிகாரம் இட்ட தோல் நீர் பட்டால் படிகாரத்தை இழந்து விறைத்துப் போகும். ஓரங்களில் மடித்து ஒட்டிய தோல் அந்தத் தாளுக்கு அடியில்தான் இருக்கிறது. கிழிந்த மூலையில் தெரியும் எழுத்தைச் சாய்வொளியில் (பக்கவாட்டில் படும் ஒளியில்) அளவுகோலோடு படமெடுத்து, துண்டுச் சுவடிகளை ஆராய்பவர்களுக்கு அனுப்புங்கள். எழுத்தின் வடிவம், வரியிடைவெளி, சிவப்பு மைத் தலைப்பு ஆகியவற்றைக் கொண்டே காலத்தையும் நூலின் வகையையும் அவர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

வெடித்த மூட்டுக்கு இப்போதைக்கு அமிலமற்ற அட்டைப்பெட்டி ஒன்று அளவெடுத்துச் செய்து அதில் கிடைநிலையில் வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருந்தால் போதும். மரப்பலகை திடீர் மாற்றத்தில் வளைந்து மூட்டை மேலும் பிளக்கும். தோல் எண்ணெய், மெழுகு, ஈரத்துணி எதுவும் வேண்டாம். திறக்கும்போது முழுவதும் விரிக்காமல் இருபுறமும் தாங்கு வையுங்கள். தையல் வார்கள் அறுந்திருந்தால் மட்டும், ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும் கொண்டு மூட்டை வலுப்படுத்தப் பராமரிப்பாளரை நாடலாம். மறுகட்டுக்கு யார் சொன்னாலும் இணங்காதீர்கள். இந்தத் துளைகளும் தையலும் போய்விட்டால், இந்த இழையில் நாம் பேசிய எதையும் பிறகு ஒருவரும் சோதித்துப் பார்க்க முடியாது.

பட்டறையாளர்

உடைமைச் சீட்டு அதே தாளில் இருப்பதைக் கருதும்போது தாள்மருத்துவர் சொல்வதே மேல். வெற்றுத் துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை: முதல் தையல் எளிய தோல்தாள் உறையோடு கூடிய தற்காலிகக் கட்டாக இருந்திருக்கலாம். படித்துக் குறிப்பெழுதியவர் அந்த நிலையில்தான் நூலைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அவரும் 1558இல் பலகைக் கட்டுக்குக் கொடுத்த எம்.ஐ.எச். என்பவரும் ஒருவரே என்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை.

நூற்காவலன்

வெண்தாள் அவர்களே, விவரக்குறிப்பை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். "பாசெல், 1551. பலகைகளின் மேல் வெண்பன்றித்தோல், சீர்திருத்தவாதிகளின் தலையுருவ உருளை அழுத்தம், மேலட்டையில் எம்.ஐ.எச்., 1558, ஒரு கொக்கி இல்லை, முன்மூட்டில் வெடிப்பு, பின் ஒட்டுத்தாளும் காப்புத் தாளும் 1757க்குப் பின் மாற்றப்பட்டவை. முந்தைய தையலின் துளைகள் உண்டு. 1558ஆம் ஆண்டுக் கட்டுக்கு முற்பட்டவையாகத் தோன்றும் ஓரக்குறிப்புகள், விளிம்பில் வெட்டுப்பட்டவை. முகப்பில் பதிப்பாசிரியர் பெயர் மையால் தணிக்கை செய்யப்பட்டது. மடத்துத் தலைவர் அல்லது ஆயர் ஒருவரின் உடைமைச் சீட்டு. முகப்பின் பின்புறம் படிக்க இயலாத வட்ட முத்திரை." மெலாங்க்தனின் பெயர் இதில் உருளையின் விவரிப்பாக வரலாம், உடைமையாளராக வரக் கூடாது. ஓரக்குறிப்புகளின் கையெழுத்தை அவருடைய அறியப்பட்ட கையெழுத்துகளோடு எழுத்தியல் வல்லுநர் ஒருவர் ஒப்பிட்டுச் சொல்லாதவரை அந்தக் கூற்றுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அந்த வட்ட முத்திரைதான் இப்போது முதல் வேலை. புற ஊதா ஒளியிலும் சாய்வொளியிலும் படமெடுத்து இங்கே இடுங்கள். ஐரோப்பிய ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பு அடையாளம் தெரியாத உடைமைக் குறிகளுக்கென ஒரு பக்கத்தை நடத்துகிறது, அங்கும் அனுப்பலாம். நூலகத்தின் பெயர் தெரிந்தவுடன், நூலை வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன், முகப்பு, முத்திரை, மேலட்டை ஆகிய மூன்றின் படங்களோடு அவர்களுக்கு எழுதி, தங்கள் இரட்டைப் பிரதி விற்பனைப் பதிவேட்டில் இது இருக்கிறதா என்று கேளுங்கள்.